மூன்று பாலங்கள், 83 கிலோமீட்டர்... உத்திரமேரூரைச் சுற்றி ஒரு சைக்கிள் சவால்!

சென்னையில் ரோடு சைக்கிள் வாங்கும் பலருக்கும் முதலில் தெரியவரும் சாலை இ.சி.ஆர்-தான். நேராகப் போய் நேராகத் திரும்பலாம், ஒரு பக்கம் கடல். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்ததும் அதே சாலை அலுத்துவிடும். அடுத்து ஏலகிரி, ஏற்காடு என்று ஆசை வரும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20. கொல்லிமலைக்கு 70! இ.சி.ஆரின் சமதளத்திலிருந்து நேராக அங்கே தாவினால் முழங்காலும் மூச்சும் ஒரே நாளில் பதில் சொல்லிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு படி வேண்டும். சென்னைக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. காஞ்சிபுரத்தில் கிளம்பி, உத்திரமேரூரைத் தொட்டு, சாலவாக்கம், திருமுக்கூடல், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்கே திரும்பும் சுற்று. ஏறத்தாழ 83 கிலோமீட்டர். ஆறு, ஏரி, வயல், சிறு குன்றுகள், ஆயிரம் ஆண்டுப் பழைமையான கல்வெட்டுகள் எல்லாம் வழியில் வரும். கல்குவாரி லாரிகளும் வரும். அதனால்தான் இந்தச் சுற்றைத் திட்டமிடாமல் போகக் கூடாது.

சுற்று எப்படிப் போகிறது?

மூன்று ஆறுகள் சேரும் நிலம் இது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிற பாலாறு ஒன்று. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறு இரண்டாவது. காஞ்சிபுரத்தைத் தொட்டுக்கொண்டு போகும் வேகவதி மூன்றாவது. மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

நம் சுற்று இந்த ஆறுகளை மூன்று முக்கியமான இடங்களில் கடக்கிறது.

* காஞ்சிபுரத்தை விட்டு வெளியேறும்போது, ஓரிக்கை அருகே பாலாறு.
* மாகறல் - வெங்கச்சேரி இடையே செய்யாறு.
* திருமுக்கூடலுக்கும் பழையசீவரத்துக்கும் நடுவே, மூன்று ஆறுகளின் நீரும் சேர்ந்த பாலாறு.

இந்த மூன்று பாலங்களில் ஒன்றில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தாலும் சுற்று உடைந்துவிடும். 60 கிலோமீட்டர் மிதித்து, திருமுக்கூடல் கரையில் நின்றுகொண்டு, எதிர்க் கரையில் தெரியும் பழையசீவரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நிலை யாருக்கும் வரக் கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் செய்யாற்றிலும் வந்த பெருவெள்ளம் இந்தப் பகுதியின் தரைப்பாலங்களைப் பதம்பார்த்தது. வெங்கச்சேரி தரைப்பாலமும் அதில் அடிபட்டது. திருமுக்கூடல் பாலமோ கனரக லாரிகளின் எடையைத் தினமும் தாங்குவது, பராமரிப்புப் பணிக்காக மூடப்படுவதும் உண்டு. அதனால் திட்டமிடலின் முதல் வேலை, முதல் நாளே பாலங்களின் நிலையை விசாரிப்பது. கூகுள் மேப் பாதை காட்டுகிறது என்பதற்காகப் பாலம் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பழையசீவரம் பக்கத்தில் தெரிந்த டீக்கடையோ பெட்டிக்கடையோ இருந்தால் ஒரு போன் போதும். இல்லையென்றால் வாலாஜாபாத் பஸ் ஓட்டுநர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத பாலம் கிடையாது.

எந்தத் திசையில் சுற்றுவது?

ஒரே சுற்றை இரண்டு திசையிலும் போகலாம். காஞ்சிபுரத்திலிருந்து முதலில் கிழக்கே வாலாஜாபாத் போகலாம், அல்லது முதலில் தெற்கே உத்திரமேரூர் போகலாம். இரண்டாவதுதான் நல்லது. காரணங்கள் மூன்று.

முதல் காரணம், திருப்பங்கள். தெற்கே போய், கிழக்கே திரும்பி, வடக்கே ஏறி, மேற்கே வீடு திரும்பும்போது பெரிய திருப்பங்கள் பெரும்பாலும் இடது பக்கமே வரும். நம் ஊரில் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். இடது திருப்பத்தில் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. எதிர்த்திசையில் சுற்றினால் ஒவ்வொரு கூட்ரோட்டிலும் வலது பக்கம் திரும்ப வேண்டும். களைத்துப் போன நேரத்தில் லாரிகளுக்கு நடுவே அந்தத் திருப்பங்கள் தேவையில்லாத ஆபத்து.

இரண்டாவது, காற்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று வீசும். கடைசிக் கட்டமான வாலாஜாபாத் - காஞ்சிபுரம் பகுதியில் மேற்கு நோக்கிப் போவீர்கள். அப்போது காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளும். கால் சோர்ந்த நேரத்தில் அது பெரிய உதவி.

மூன்றாவது, வெயில். காலையில் கிழக்கு நோக்கி மிதித்தால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். உங்களுக்குக் கண் கூசுவதைவிட, உங்கள் பின்னால் வரும் வண்டி ஓட்டுநருக்குக் கண் கூசி நீங்கள் தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. முதலில் தெற்கே போனால் இந்தத் தொல்லை குறைவு.

மலை கொஞ்சம், காற்று நிறைய

காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உத்திரமேரூரும் ஏறக்குறைய அதே உயரம். நடுவே உள்ள குன்றுகளின் உச்சிக்குச் சாலை போவதில்லை, அவற்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் சாலவாக்கம் பக்கம் வரும் ஏற்றங்கள் சின்னவை. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால், ஒன்று முடிந்து மூச்சு வாங்கும்போது அடுத்தது எட்டிப்பார்க்கும்.

ஏற்றத்தின் கடுமையைச் சதவிகிதத்தில் சொல்வார்கள். 100 மீட்டர் தூரம் முன்னால் போகும்போது 5 மீட்டர் உயரம் ஏறினால் அது 5 சதவிகித ஏற்றம். எண் சின்னதாகத் தெரியும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக எவ்வளவு சக்தி செலவாகுமோ, அதைவிட அதிகமான சக்தி 5 சதவிகித ஏற்றத்தில் வெறும் 10 கிலோமீட்டர் வேகத்துக்கே செலவாகும். அதனால் ஏற்றம் கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி ஏறிய பிறகு, பெடலை அழுத்திக்கொண்டே கியரை மாற்றினால் செயின் அடம்பிடிக்கும், சில நேரம் கழன்றும் விடும்.

இந்தச் சுற்றின் நிஜமான மலை, எதிர்க்காற்று. நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால், உடலில் மோதும் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்காகிவிடும். மலை ஏறினால் ஒருநேரம் இறக்கம் வரும். எதிர்க்காற்றுக்கு இறக்கமே கிடையாது. உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் வரை கிழக்கும் வடக்குமாகப் போகும் நடுப்பகுதியில்தான் வடகிழக்குக் காற்று உங்களைச் சோதிக்கும். அங்கே வேகத்தைப் பார்க்காதீர்கள். மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகத்தில் போகிறீர்கள்.

முதல் 30: காஞ்சிபுரம் - மாகறல் - உத்திரமேரூர்

ஓரிக்கையில் பாலாற்றைக் கடந்து, களக்காட்டூர் வழியாக மாகறல். செய்யாற்றின் கரையில் இருக்கும் திருமாகறலீஸ்வரர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். ஆற்றைக் கடந்ததும் இரு பக்கமும் வயல்கள் விரியும்.

தை, மாசியில் வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுவடை முடிந்த நெல்லைச் சாலையோரத்தில் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றினால் டயர் வழுக்கும். அதைவிட முக்கியம், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அரை நிமிடம்தான் ஆகும்.

உத்திரமேரூரில் அவசியம் இறங்க வேண்டிய இடம் வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகள் இங்கேதான் இருக்கின்றன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்கலாம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உறுப்பினராக நிற்பவருக்கு 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது!

அந்தச் சபை அமைத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனிக் குழு. அவர்கள் காத்த ஏரியின் பழைய பெயர் வயிரமேக தடாகம். வயிரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். இன்றும் அந்த ஏரி இருக்கிறது. நிறைந்து வழியும்போது அதன் உபரிநீர் கிளியாற்றின் வழியாக மதுராந்தகம் ஏரிவரை போகிறது.

காலை உணவுக்கும் இதுதான் சரியான இடம். இட்லி, பொங்கல், டீ எல்லாம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே கிடைக்கும். பொங்கலில் ஒரு கை குறைத்துக்கொள்ளுங்கள். நெய்யும் மிளகுமாக வயிறு நிறைந்துவிட்டால் சாலவாக்கம் ஏற்றத்தில் அதுவே எதிரியாகிவிடும்.

அடுத்த 30: சாலவாக்கம் - திருமுக்கூடல்

சுற்றின் அழகான பகுதியும் ஆபத்தான பகுதியும் இதுதான். சாலவாக்கத்தைச் சுற்றிக் காப்புக்காடும் குன்றுகளும் தெரியும். அங்கிருந்து வடக்கே திருமுக்கூடல் போகும் வழியில் மதூர், பழவேரி, அருங்குன்றம் என்று கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கும் ஊர்கள் வரும். சென்னையின் அடுக்குமாடிகளுக்கும் சாலைகளுக்கும் போகும் ஜல்லியில் ஒரு பங்கு இந்தக் குன்றுகளிலிருந்து போகிறது. அருங்குன்றம் என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் கண்ட குன்றுகள் பல இடங்களில் இன்று பள்ளங்களாக இருக்கின்றன.

நமக்கு ஒரு காலை நேரத் தூசு. அந்த ஊர்க்காரர்களுக்கு அது தினமும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இதே சாலையில், இதே லாரிகளுக்கு நடுவில்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் ஹெல்மெட்டும் இல்லை, பின்விளக்கும் இல்லை. இந்தச் சாலையை 'சாகசம்' என்று நினைக்கத் தோன்றும்போது அது ஞாபகம் இருக்கட்டும்.

லாரிச் சாலையில் சில கட்டாய விதிகள்:

* ஒருவர் பின் ஒருவராக மட்டும் போங்கள். இருவர் இணையாக ஓட்டிக்கொண்டு பேசுவது இங்கே வேண்டாம்.
* நின்றிருக்கும் லாரியானாலும் மெதுவாகப் போகும் லாரியானாலும் அதன் இடது பக்கமாக நுழைந்து முந்தாதீர்கள். ஓட்டுநருக்கு நீங்கள் கண்ணிலேயே பட மாட்டீர்கள்.
* பகலிலும் பின்பக்கச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கட்டும். தூசுக்குள் சட்டையின் நிறத்தைவிட விளக்குதான் முதலில் தெரியும்.
* சாலையின் விளிம்பை ஒட்டிக்கொண்டே ஓட்டாதீர்கள். அங்கேதான் ஜல்லியும் மணலும் சிதறிக் கிடக்கும். விளிம்பிலிருந்து அரை மீட்டராவது உள்ளே தள்ளி, நேர்க்கோட்டில் போங்கள்.
* இரண்டு லாரிகள் எதிரெதிரே வருவது தெரிந்தால், இறங்கி மண்ணில் நின்றுவிடுங்கள். பத்து விநாடிதான். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.
* இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். பின்னால் வருவதைக் காதுதான் முதலில் சொல்லும்.

இத்தனையையும் தாண்டி திருமுக்கூடல் வந்து சேர்ந்தால், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். இங்கே வீரராஜேந்திர சோழனின் 11-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இயங்கியதை அது சொல்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று யார் யாருக்கு என்ன ஊதியம் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். கால் வலியோடு உட்கார்ந்து படிக்க இதைவிடப் பொருத்தமான கல்வெட்டு கிடைக்காது.

கடைசி 24: பழையசீவரம் - வாலாஜாபாத் - காஞ்சிபுரம்

பாலத்தைக் கடந்தால் பழையசீவரம். பத்மகிரி என்ற சிறு குன்றின் மேல் லட்சுமி நரசிம்மர் கோயில். மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து இங்கே வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் போவார். கூட்டம் அலைமோதும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் வாருங்கள். சைக்கிள் சுற்றுக்கு அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

இங்கிருந்து செங்கல்பட்டு - காஞ்சிபுரம் நெடுஞ்சாலை. சாலை நன்றாக இருக்கும், ஆனால் வாகனங்கள் வேகமாக வரும். பின்காற்று தள்ளுகிறதே என்று தலையைக் குனிந்து மிதிக்கத் தோன்றும். விபத்துகள் பெரும்பாலும் களைப்பில்தான் நடக்கும். வாலாஜாபாத்தில் ஒரு முறை நின்று, முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடிகாரம்தான் கேப்டன்

ஜனவரியில் சூரியன் உதிக்க 6.30 மணி ஆகிவிடும். முன்விளக்கோடு 6 மணிக்குக் கிளம்பினால் அட்டவணை இப்படி இருக்கும்:

* காலை 6.00 - காஞ்சிபுரம்
* 6.50 - மாகறல் (17 கி.மீ.)
* 7.30 - உத்திரமேரூர் (30 கி.மீ.), 45 நிமிட ஓய்வு
* 9.00 - சாலவாக்கம் (44 கி.மீ.), 10 நிமிட ஓய்வு
* 10.00 - திருமுக்கூடல் (59 கி.மீ.), 20 நிமிட ஓய்வு
* 10.45 - வாலாஜாபாத் (67 கி.மீ.)
* 11.35 - காஞ்சிபுரம் (83 கி.மீ.)

ஓய்வு நேரமெல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். உலகம் முழுக்க நடக்கும் 'பிரெவே' நெடுந்தூரப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் தருவார்கள். ஓய்வும் சாப்பாடும் அதற்குள் அடக்கம். நம் அட்டவணையின் சராசரியும் ஏறக்குறைய அதே வேகம்தான். அதாவது, இதை நேரத்துக்குள் முடித்தால் 200 கிலோமீட்டர் கனவு காணும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது. பிரெவே போட்டியல்ல, யார் முதலில் வந்தார் என்று அறிவிப்பதும் இல்லை. நேரத்துக்குள் முடித்தால் போதும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் குறித்துக்கொள்வதென்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உத்திரமேரூரை 8.30-க்குள் அடையவில்லையென்றால், சுற்றைத் தொடராதீர்கள். வந்த வழியே காஞ்சிபுரம் திரும்புங்கள். அப்போதும் 60 கிலோமீட்டர் கணக்கில் வந்துவிடும். உத்திரமேரூரைத் தாண்டிவிட்டால் திருமுக்கூடல் வரை நல்ல நிழலும் பெரிய கடைகளும் குறைவு. வெயில் ஏறிய பிறகு, லாரித் தூசில், எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டால் உடம்பு தாங்காது. இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து குளிர்ந்த மூளையோடு எடுத்துவிட வேண்டும். அங்கே போய் யோசித்தால், 'இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்ற எண்ணம்தான் ஜெயிக்கும். குழுவாகப் போனால் கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கடைசியாக வருபவரின் நேரம்தான் குழுவின் நேரம்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தச் சுற்று வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பொங்கல் முதல் பிப்ரவரி கடைசி வரை மிகச் சரியான காலம்.

பஞ்சர்: வில்லன் பெயர் சீமைக்கருவேல்

ஏரிக்கரை, ஆற்றங்கரை எங்கும் சீமைக்கருவேல மரங்கள். அவற்றின் முள் ரோடு சைக்கிளின் மெல்லிய டயருக்குப் பரம எதிரி. 23, 25 மில்லிமீட்டர் டயரைவிட 28 முதல் 32 வரை அகலமான டயர் இங்கே நல்லது. காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டலாம், வேகத்தடைகளும் குழிகளும் முதுகைப் பதம்பார்க்காது.

நிழலுக்கென்று கருவேல மரத்தடியில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டாவது புளிய மரத்தடிக்குப் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு மாற்று ட்யூப், டயர் லீவர், சிறிய பம்ப், ஒட்டும் பேட்ச், ஆலன் கீ செட். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுவார்கள். ரோடு சைக்கிள்களில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு, கிராமத்து சைக்கிள் கடை பம்ப் பொருந்தாது. விரல் நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும். அது இருந்தால் எந்தக் கிராமத்திலும் எந்த பெட்ரோல் பங்க்கிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

பஞ்சர் ஆனால், புது ட்யூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். முள் உள்ளேயே இருந்தால் புது ட்யூப்பும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

தண்ணீரும் தெம்பும்

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடக்கு. இரண்டு பாட்டிலில் ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்துகொள்ளலாம். டீஸ்பூனைத் தலை தட்டி அளங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைக் குடியுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் உடம்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. இரண்டு வாழைப்பழம், நான்கைந்து கடலைமிட்டாய், கொஞ்சம் பேரீச்சை... விலை உயர்ந்த எனர்ஜி ஜெல் எதுவும் தேவையில்லை. வழியில் இளநீர் கிடைத்தால் விடாதீர்கள்.

தலைசுற்றல், வாந்தி, வெயிலிலும் குளிர்வது போன்ற உணர்வு வந்தால் உடனே நின்றுவிடுங்கள். நிழலில் உட்கார்ந்து தலையையும் கழுத்தையும் நனையுங்கள். கூட வருபவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது வெப்ப மயக்கத்தின் தீவிரமான அறிகுறி. தயங்காமல் 108-ஐ அழையுங்கள்.

மொபைலில் என்ன செய்ய வேண்டும்?

ஸ்ட்ராவா, கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற ஆப்களில் ஊர்களை வரிசையாகக் குறித்தால் பாதை, தூரம், ஏற்ற இறக்கம் எல்லாம் வரைபடமாக வரும். சிறு மேடுகளில் அந்த உயரக் கணக்கு முன்பின்னாக இருக்கும், அதை அப்படியே நம்ப வேண்டாம். குறுக்குவழி என்று ஆப் காட்டும் பாதை ஏரிக்கரை மண்பாதையாகவும் இருக்கலாம். சாட்டிலைட் படத்துக்கு மாற்றி ஒவ்வொரு திருப்பத்தையும் ஒரு முறை பாருங்கள். வரைபடத்தை ஆஃப்லைனில் சேமியுங்கள். அதோடு, ஊர்ப் பெயர்களையும் கடக்க வேண்டிய நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவிடுங்கள். தாளுக்குச் சார்ஜ் தேவையில்லை.

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்குப் பகிரலாம். வீட்டில் ஒருவருக்கு அதை அனுப்பி, அட்டவணையையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால்?

உத்திரமேரூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது பொருந்தும். ரத்த வகை, வீட்டு எண், மருந்து ஒவ்வாமை மூன்றையும் எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். பூட்டிய போனை யாராலும் திறக்க முடியாது.

சைக்கிள் பழுதானால், பழையசீவரத்திலும் வாலாஜாபாத்திலும் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ரயில்கள் குறைவு, சைக்கிளை ஏற்ற அனுமதி உண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உத்திரமேரூர் பக்கம் ரயில் கிடையாது. அங்கே ஒரு லோடு ஆட்டோதான் கைகொடுக்கும். அதற்கான பணத்தை ரொக்கமாகவே வைத்திருங்கள்.

ஆறு வாரம் போதும்

இப்போது 25 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுகிறவர் என்றால், ஞாயிறுகளில் 30, 36, 42 என்று கூட்டுங்கள். நான்காவது வாரம் 35-ஆகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு. ஐந்தாவது வாரம் 50, ஆறாவது வாரம் 60. வார நடுவில் இரண்டு நாள் 40 நிமிடம் ஓட்டினால் போதும். பக்கத்தில் மலை இல்லையென்றால் மேம்பாலம் இருக்கிறதே! வண்டிகள் இல்லாத அதிகாலையில் ஒரே மேம்பாலத்தில் எட்டு முறை ஏறி இறங்கினால் சாலவாக்கம் ஏற்றங்களுக்குக் கால் பழகிவிடும்.

பிள்ளைகளோடு வருபவர்களுக்குக் காஞ்சிபுரம் - மாகறல் போய்த் திரும்பும் 34 கிலோமீட்டரே அழகான பயணம். அனுபவசாலிகளுக்கு 83 போதவில்லையென்றால், உத்திரமேரூரிலிருந்து வேடந்தாங்கலைத் தொட்டுச் சாலவாக்கம் வரலாம். சுற்று 100 கிலோமீட்டரை நெருங்கிவிடும். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் ஆங்கிலேயக் கலெக்டரிடம் உரிமை வாங்கியது 1798-ம் ஆண்டில். 2022-ல் அது ராம்சர் தலமானது. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும், நம் சைக்கிள் சீசனும் அதுதான்.

அடுத்து எங்கே?

மாகறலில் நீங்கள் கடந்த செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைச்சாலை உண்டு. காவலூரில் வைணு பாப்பு வானோக்கு நிலையம் இருப்பது இந்த மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில். காஞ்சிபுரத்தின் 80 மீட்டர் எங்கே, அது எங்கே! உத்திரமேரூர்ச் சுற்றை நேரத்துக்குள், சிரித்த முகத்தோடு இரண்டு முறை முடித்தவர்கள் அந்த மலையைப் பற்றி யோசிக்கலாம்.

அதற்கு முன், இந்த வாரம் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். டயரில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, பின்விளக்கில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பாலங்களையும் விசாரித்துவிட்டு, அலாரத்தை 5 மணிக்கு வைத்துவிட்டுத் தூங்குங்கள்.